லேசர் செய்த கண்ணில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

"லேசர் செய்தாச்சு, இனிக் கண்ணுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்பார் ஒருவர். "லேசர் செய்தால் நாற்பது வயதில் பார்வை போய்விடும்" என்பார் இன்னொருவர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இந்த இரண்டு பேச்சும் கேட்கும். இரண்டும் பிழை. லேசர் கண்ணின் எந்தப் பாகத்தைத் தொடுகிறது, எதைத் தொடவே இல்லை என்பது தெளிவாகத் தெரியாததால்தான் இப்படிப் பேசுகிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நீரிழிவுக்காரரின் விழித்திரையில் அடிப்பதும் லேசர். கண்புரை ஒப்பரேஷன் செய்து சில காலத்துக்குப் பின் செயற்கை வில்லையின் பின்னால் படியும் மங்கலை நீக்குவதும் லேசர். கண்ணழுத்தத்தைக் குறைப்பதற்கும் லேசர் உண்டு. இவையெல்லாம் வேறு வேறு சிகிச்சைகள். இங்கே பேசப்போவது கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காகச் செய்யும் லேசர் பற்றி மட்டுமே. கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போய் இதைச் செய்துகொண்டு வருபவர்களுக்கு அங்கே தரும் அறிவுரைத் தாளில் கிணற்றுக் குளிப்பு, சூடடிப்பு, சோளகக் காற்று எதுவும் இருக்காது. வன்னியில் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொள்ள இவைதான் முக்கியம்.

பூதக்கண்ணாடியும் கடதாசியும்

பள்ளிப் பிள்ளைகள் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியைச் சுடுவார்கள். கடதாசி சரியான தூரத்தில் இருந்தால் வெளிச்சம் ஒரு கூரான புள்ளியாக விழும். கடதாசியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் அந்தப் புள்ளி பரந்து மங்கிவிடும். கண்ணுக்குள் நடப்பதும் இதுதான். வெளிச்சம் வந்து விழும் கடதாசியின் இடத்தில் கண்ணின் பின்சுவரில் இருக்கும் படலத்துக்கு விழித்திரை என்று பெயர். வெளிச்சத்தைக் குவிப்பவை இரண்டு. முன்னால், கருமணியை மூடி நிற்கும் தெளிந்த படலம் கோர்னியா. பள்ளிப் புத்தகத்தில் இதை விழிவெண்படலம் என்று படித்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் கண்ணுக்குள் இருப்பது வில்லை. குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கோர்னியாதான் செய்கிறது.

சாதாரணக் கண்ணின் நீளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். சிலருக்கு வளரும் வயதில் கண் கூடுதலாக நீண்டுவிடும். கடதாசி பின்னால் போய்விட்டது என்று வையுங்கள். பக்கத்தில் உள்ளது தெரியும், கரும்பலகையும் பஸ்ஸின் பெயர்ப்பலகையும் தெரியாது. இது குறும்பார்வை. ஒரு மில்லிமீற்றர் நீண்டாலே இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் ஏறும். பவர் என்று நாங்கள் சொல்வதை அளக்கும் அலகின் பெயர் டயொப்டர்.

நீண்டுவிட்ட கண்ணைச் சுருக்க முடியாது. லேசர் செய்வது கோர்னியாவின் நடுப்பகுதியை மெல்லியதாகச் சீவி, அதன் வளைவைத் தட்டையாக்குவது. வளைவு குறைந்தால் வெளிச்சம் இன்னும் பின்னால் போய்க் குவியும். தள்ளிப் போயிருக்கும் விழித்திரையில் கூராக விழும். கிட்ட உள்ளது மங்கும் நீள்பார்வைக்கும், கோர்னியா ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கும் சிலிண்டர் பவருக்கும் இதே வழிதான், சீவும் இடம் மட்டும் மாறும்.

சுருக்கமாக: பூதக்கண்ணாடியின் முன்பக்கம் மாற்றப்படுகிறது. கடதாசி பழைய இடத்திலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் வில்லையை யாரும் தொடவில்லை. செல் (எறிகணை) சன்னம் பட்டு விழித்திரையோ பார்வை நரம்போ சேதமடைந்தவரின் பார்வையை இந்த லேசர் மீட்டுத் தராததற்கும் காரணம் இதுவே. அதை அறியாமல் கடன்பட்டு கொழும்புக்குப் போகும் முன், அருகிலுள்ள கண் கிளினிக்கில் பார்வைக் குறைவின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு சீவுகிறார்கள்

ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். கோர்னியாவின் நடுத் தடிப்பு பெரும்பாலானோருக்கு 540 மைக்ரோன் அளவில், அதாவது அரை மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூட. ஒரு டயொப்டரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரோன் வரை சீவ வேண்டும். சீவும் லேசர் 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். விழித்திரையைச் சுட்டுவிடும் என்ற பயம் வேண்டாம்.

மூன்று முறைகள் வழக்கில் உண்டு. செய்தவர் தனக்கு எது செய்யப்பட்டது என்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு கவனிக்க வேண்டியவை அதைப் பொறுத்து மாறும்.

லேசிக் முறையில் முதலில் கோர்னியாவின் மேற்பகுதியில் 100 முதல் 120 மைக்ரோன் தடிப்பில் ஒரு மடல் வெட்டி, ஒரு ஓரம் ஒட்டியபடி விரித்து, கீழே சீவி, மடலைத் திரும்ப மூடுவார்கள். தையல் இல்லை. பார்வை மறுநாளே தெளியும், வலி சில மணித்தியாலம்தான். ஆனால் அந்த மடல் பழைய பலத்தோடு ஒருநாளும் ஒட்டாது. கண்ணில் பலமான அடி பட்டால் வருடங்கள் கழித்தும் விலகலாம்.

பி.ஆர்.கே. முறையில் மடல் இல்லை. கோர்னியாவின் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டுச் சீவுவார்கள். தோல் திரும்ப வளரும் வரை, 4 முதல் 7 நாள், கட்டுக்குப் பதிலாக ஒரு கொன்டாக்ட் லென்ஸ் கண்ணில் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாக வலிக்கும். பார்வை தெளியச் சில கிழமைகள் எடுக்கும். மடல் இல்லாததால் கண்ணில் அடி படக்கூடிய வேலை செய்பவர்களுக்கும், கராத்தே, குத்துச்சண்டை போன்றவற்றில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். வயல், கடல், மேசன் வேலை என்று உழைக்கும் ஒருவர் வலிக்குப் பயந்து இதை ஒதுக்கக்கூடாது.

மூன்றாவது ஸ்மைல். கோர்னியாவுக்கு உள்ளேயே ஒரு மெல்லிய துண்டை லேசரால் வெட்டி, 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையான சிறு வெட்டின் வழியாக அதை இழுத்து எடுப்பார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 540 மைக்ரோன் கோர்னியா, 110 மைக்ரோன் மடல், ஆறு பவர், பவருக்கு 14 மைக்ரோன் என்றால் 84. மடலுக்குக் கீழே மிஞ்சுவது 346. இது 250 மைக்ரோனுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது வைத்தியர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் மெலிந்தால் கோர்னியா கண்ணின் உள் அழுத்தத்துக்குத் தாங்காமல் முன்னே பிதுங்கலாம். பவர் கொஞ்சம் திரும்பி வந்தால் சிலருக்கு இரண்டாம் தரம் லேசர் செய்ய மறுப்பது இந்தக் கணக்கால்தான்.

முதல் நாளும் முதல் கிழமையும்

செய்த அன்றே இரவு பஸ்ஸில் ஏ9 வீதியால் ஊருக்கு ஏறுவது நல்லதல்ல. மறுநாள் பரிசோதனையில்தான் மடல் சரியாக இருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று தெரியும். சுருக்கத்தை ஆரம்ப நாட்களில் நேராக்குவது சுலபம், பிந்தினால் கடினம். ஏசி பஸ்ஸின் வறண்ட காற்று ஏழெட்டு மணித்தியாலம் முகத்தில் அடிப்பதும் கூடாது. லேசிக், ஸ்மைல் என்றால் மறுநாள் பரிசோதனை முடிய, பி.ஆர்.கே. என்றால் லென்ஸைக் கழற்றிய பிறகு வருவதே பாதுகாப்பு. கழற்றுவதற்கு ஊரில் ஒருவரைத் தேடி அலையவேண்டி வராது.

கண்ணுக்கு விடத் தரும் மருந்துகள் பொதுவாக மூன்று வகை: கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்ட் ஒன்று, ஈரத்துக்குச் செயற்கைக் கண்ணீர். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு துளி விடுங்கள். போத்தலின் நுனி இமையிலோ கண்மயிரிலோ படக்கூடாது. இரண்டு மருந்துக்கு இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பால் நிறத்தில் இருக்கும் ஸ்டீராய்ட் மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே நிற்கத் தெளிநீர் மட்டும் கண்ணுக்குப் போகும். தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரியில் வைத்த மருந்து வெக்கையில் பழுதாகும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கலாம், உறைபெட்டியில் வேண்டாம். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்குப் பின் வீசிவிடுங்கள்.

ஸ்டீராய்ட் மருந்து கண்ணுக்கு இதமாக இருப்பதால், முடிந்த பிறகும் பாமசியில் அதே போத்தலை வாங்கி விடுபவர்கள் உண்டு. இது மிகவும் ஆபத்து. நீண்ட நாள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நோவு இல்லாமலே பார்வை நரம்பு சாகும். வைத்தியர் எழுதிய நாளோடு நிறுத்துங்கள். பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு இதை மாதக் கணக்கில் குறைத்துக் குறைத்து விடச் சொல்வார்கள். அவர்கள் இடையில் கண்ணழுத்தம் பார்க்க வேண்டும்.

படுக்கும்போது முதல் கிழமை கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் கவசம். நித்திரையில் கை தானாகக் கண்ணைக் கசக்குவதைத் தடுக்கத்தான் அது. பக்கத்தில் சிறு பிள்ளை படுத்தால் பிள்ளையின் கைகால் படுவதையும் அது தடுக்கும்.

பத்தியம் பற்றிக் கேட்பார்கள். கோர்னியா ஆறுவதற்காக விலக்க வேண்டிய சாப்பாடு எதுவும் இல்லை. இறாலும் நண்டும் கத்தரிக்காயும் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது சாப்பாட்டை அல்ல, அடுப்படியை: மிளகாய் வறுக்கும் புகையும், பச்சை மிளகாய் வெட்டிய கையும்.

கிணற்றடி, குளம், வயல்

தண்ணீர் ஏன் கூடாது என்பதை விளங்கிக்கொண்டால் கட்டுப்பாடு சுமையாகத் தெரியாது. கோர்னியாவின் மேல்தோல் முழுதாக இருக்கும் வரை அது கிருமிக்குச் சுவர். லேசருக்குப் பிறகு அந்தச் சுவரில் வெட்டோ திறந்த காயமோ இருக்கிறது. கிணற்று நீரிலும் குளத்து நீரிலும் கண்ணுக்குத் தெரியாத அமீபாவும் பக்ரீறியாவும் இருக்கும். தெளிந்த கிணற்றுத் தண்ணீரும் கிருமியற்ற தண்ணீர் அல்ல. பி.ஆர்.கே. லென்ஸ் கண்ணில் இருக்கும் நாட்களில் தண்ணீர் பட்டால் லென்ஸுக்குக் கீழே கிருமி தங்கிப் பெருகும்.

எனவே முதல் கிழமை முழுகக் கூடாது. கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதை விட்டு, கழுத்துக்குக் கீழே குளியுங்கள். முகத்தை ஈரத் துணியால் கண்ணைத் தவிர்த்துத் துடையுங்கள். தலை கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க இன்னொருவர் கழுவிவிடட்டும். குளம், வாய்க்கால், கடல் குளிப்பு ஒரு மாதத்துக்கு வேண்டாம். சித்திரைப் புதுவருடம் அந்த நாட்களில் வந்தால் மருத்துநீரைத் தலையில் வைக்காமல் விடுங்கள். கோயிலில் நெற்றிக்குத் திருநீறு பூசும்போது கண்ணை மூடிக்கொண்டு, அதிகமாக இருப்பதைத் தட்டிவிடுங்கள். கண்மையும் இரண்டு கிழமை கழியட்டும்.

தண்ணீரை விட வயல் தூசியை நான் கூடுதலாக அழுத்திச் சொல்வேன். நெல் வெட்டும் மெசினில் இருந்து பறக்கும் சப்பியும் வைக்கோல் துகளும் கோர்னியாவைக் கீறினால், அதோடு பூஞ்சணமும் உள்ளே போகும். பூஞ்சணப் புண் மெதுவாகத் தொடங்கும், சாதாரணக் கிருமி மருந்துக்கு ஆறாது, ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விடும். லேசர் செய்யாத கண்ணிலும் இது வரும், புதிதாகச் செய்த கண்ணில் இன்னும் சுலபமாக வரும். சூடடிப்பு, தூற்றல், மருந்தடிப்பு ஆகியவற்றை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். பிறகும் பக்கவாட்டில் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்க வேண்டாம். வெல்டிங், கிரைண்டர், விறகு கொத்துதல் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒரு காலத்தில் பவர்க் கண்ணாடியே ஒரு மறைப்பாக இருந்தது. இப்போது அது முகத்தில் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நாளைத் தெரிவு செய்யும் வசதி இருந்தால், காலபோக அறுவடை முடிந்து பங்குனியில் செய்வது நல்லது. சோளகம் எழும்பிப் புழுதி கிளப்ப முன்னரே முதல் மாதம் கழிந்துவிடும். ஆனால் பங்குனி, சித்திரை வெயில் கடுமை. வெளியில் போனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும், பி.ஆர்.கே. செய்தவர்கள் மூன்று மாதமாவது போடவேண்டும், கடும் வெயில் பட்டால் கோர்னியாவில் மங்கல் படியலாம். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டின் முன் கண்ணாடியை இறக்கியே ஓடுங்கள்.

தூசி விழுந்தால் கசக்கக் கூடாது. சேலைத் தலைப்பைச் சுருட்டி ஊதி ஒற்றுவதும் கூடாது. தாய்ப்பாலோ நந்தியாவட்டைப் பூச்சாறோ விடவும் கூடாது. செயற்கைக் கண்ணீரைத் தாராளமாக விட்டுக் கண்ணை இமையுங்கள். போகாவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: கிருமிநாசினி, சுண்ணாம்பு, அமிலம் தெறித்தால் தண்ணீர் கூடாது என்ற விதியை மறந்துவிடுங்கள். கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் உடனே, குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவிய பிறகுதான் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இரசாயனம் நிமிடக் கணக்கில் கோர்னியாவை எரித்துவிடும்.

இதுவரை சொன்னதில் முக்கியமானது: ஒரு மாதம் கண்ணில் தண்ணீரும் தூசியும் படக்கூடாது, எந்தக் காலத்திலும் கண்ணைக் கசக்கக் கூடாது. வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, சிவப்பும் பீளையும் வந்தாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

வறட்சியும் இரவு வெளிச்சமும்

அதிகம் பேருக்கு வரும் தொல்லை கண் வறட்சி. கோர்னியாவில் நுண்ணிய நரம்புகள் நிறைய உண்டு. கண் காய்கிறது என்று அறிவித்துக் கண்ணீரைச் சுரக்க வைப்பவை அவைதான். லேசர் அவற்றில் ஒரு பகுதியை வெட்டுகிறது. செய்தி போகாததால் கண்ணீர் குறையும், இமைப்பதும் குறையும். மண் விழுந்தது போன்ற அரிகண்டம், மாலையில் மங்கல், சில வேளை எதிர்மாறாகக் கண்ணீர் வழிதல் எல்லாம் இதன் குணங்கள். முதல் மூன்று மாதம் கூடுதலாக இருக்கும். நரம்புகள் திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுக்கும். பெரும்பாலானோருக்கு அதோடு தணியும், சிலருக்கு நீடிக்கும்.

செயற்கைக் கண்ணீரை ஒரு நாளில் நான்கு தரத்துக்கு மேல் விடவேண்டியிருந்தால், பழுதாகாமல் இருக்க இரசாயனம் சேர்க்காத சிறு குப்பி வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்றதில் இருக்கும் அந்த இரசாயனமே அடிக்கடி விடக் கண்ணை உறுத்தும். விலை கூடத்தான், ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு இந்தச் செலவையும் லேசர் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுவதே சரி. கதைப்பதற்கும் போன் பார்ப்பதற்கும் இடையில் இமைக்கும் வேகம் பெரிதாக மாறும். போனில் பாதியாகக் குறைந்துவிடும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துப் படுக்காதீர்கள்.

இரவில் லைட்டைச் சுற்றி வளையமும் கதிரும் தெரிவது அடுத்தது. லேசர் சீவும் வட்டம் 6 முதல் 6.5 மில்லிமீற்றர் வரை அகலம். இருட்டில் கருமணி அதைவிட விரிந்தால், சீவாத ஓரத்தின் வழியாகவும் வெளிச்சம் உள்ளே போய் வேறு இடத்தில் குவியும். மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் குறையும். அதுவரை இரவில் வாகனம் ஓடுவதைக் குறையுங்கள். எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் வளையம் விரியும்போது, வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு தெரியாது.

நாற்பதுக்குப் பிறகு

கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் மெதுமையாக இருப்பதால், கிட்டப் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும். வயதோடு அது இறுகும். நாற்பதை ஒட்டி ஊசியில் நூல் கோர்க்கவும் மருந்துச் சிட்டையை வாசிக்கவும் கஷ்டப்படுவது இதனால்தான். இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். லேசர் வில்லையைத் தொடவில்லை, ஆகவே வெள்ளெழுத்தை உண்டாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "லேசர் செய்தால் நாற்பதில் பார்வை போகும்" என்ற கதை பிறந்த இடம் இதுதான்.

ஆனால் ஒரு இழப்பு உண்மையில் உண்டு. மைனஸ் மூன்று பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்ரிமீற்றர் தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். ஐம்பது வயதிலும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகை வாசிப்பார். லேசர் செய்துவிட்டால் அந்த வசதி போய்விடும். மற்ற எல்லோரையும் போல வாசிக்கும் கண்ணாடி வேண்டும். நாற்பதை நெருங்கிய ஒரு தையற்காரரோ ஆசிரியரோ செய்ய முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு கண் கிளினிக்கிலும் சொல்ல வேண்டியது

கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை (மில்லிமீற்றர் மேர்க்கூரி அலகில்) இருக்கலாம். அதை அளக்கும் கருவி கோர்னியாவை அழுத்தித்தான் கணிக்கும். மெலிந்த கோர்னியா இலகுவாக அழுந்துவதால், உண்மையான அழுத்தத்தை விடக் குறைவாகக் காட்டும். லேசர் செய்தது தெரியாத வைத்தியர் அந்த எண்ணை நம்பினால், பார்வை நரம்பைத் தின்னும் குளுக்கோமா நோய் பிடிபடாமல் போகலாம்.

கண்புரையும் அப்படித்தான். முதுமையில் புரைக்கு ஒப்பரேஷன் செய்து செயற்கை வில்லை வைக்கும்போது, அதன் பவரைக் கோர்னியாவின் வளைவை வைத்துக் கணக்கிடுவார்கள். சீவிய கோர்னியாவில் வழமையான கணக்குப் பிழைக்கும். லேசருக்கு முந்திய பவர், கோர்னியாவின் வளைவு, தடிப்பு, செய்த முறை, பிந்திய பவர் எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். இடம்பெயர்வில் காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் தொலைத்த மண் இது. ஒரு பிரதி வீட்டில், ஒரு படம் போனில், ஒன்று வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும்.

விழித்திரை பற்றித்தான் அதிகம் மறக்கிறோம். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். பவர் பூச்சியமாகிவிட்டாலும் கண்ணின் நீளம் குறையவில்லை, ஆகவே விழித்திரை கிழிந்து கழரும் ஆபத்தும் குறையவில்லை. முன்பு மைனஸ் ஆறுக்கு மேல் இருந்தவர்கள் வருடம் ஒருமுறை மருந்து விட்டுக் கருமணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், ஓரத்தில் மின்னல் அடித்தால், ஒரு பக்கத்தில் இருந்து திரை இறங்கினால், அன்றைக்கே கண் வைத்தியர் இருக்கும் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். நோகாது என்பதால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருந்து பார்வையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி கழர முன் போய்ச் சேர்ந்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகக் கூட. போய்ச் சேர்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "முன்பு எனக்கு மைனஸ் இத்தனை பவர் இருந்தது, லேசர் செய்திருக்கிறேன்."